வேளாண்மை டெப்போவுக்கு வரும் மாணவர்களுக்கு முழுதாக ஒரு வேலை கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. வேளாண் கல்லூரி மாணவிகள் ஏழெட்டுப் பேர் வரப்பில் பேனர் பிடித்து நிற்பார்கள், ஓரத்தில் விவசாயி ஒருவர் நிற்பார். 'விதை நேர்த்தி செயல்விளக்கம்', 'மஞ்சள் ஒட்டும் பொறி விழிப்புணர்வு' என்று தலைப்பு இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அது ஊக்கம் தருவதால், தொடர்ந்து வெளியிடுங்கள். ஆனால் மற்ற நாட்களில் அதே மாணவர்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் என்ன செய்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. இவர்களில் பலர் நாளை தேர்வாணையத் தேர்வு எழுதி, அதே அலுவலகத்துக்கு வேளாண்மை அலுவலராக வரப்போகிறவர்கள். சிலர் வங்கிக்குப் போவார்கள், சிலர் தலைமைச் செயலகத்திலும் டெல்லியிலும் திட்டம் வகுக்கும் இடத்தில் உட்காருவார்கள். அந்த அலுவலகத்தில் அவர்கள் முதன்முதலாகக் கற்பது என்ன என்பது நாம் எல்லோரும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

இளநிலை வேளாண்மைப் படிப்பின் நான்காம் ஆண்டில், ஊரில் தங்கி நேரடியாகப் பயிலும் கிராமத் தங்கல் வருகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு வகுத்தபடி மொத்தம் 20 வாரம். அறிமுகத்துக்கு 1, கிராமத்தில் 8, ஆராய்ச்சி நிலையம் அல்லது வேளாண் அறிவியல் நிலையத்தில் 5, பயிர் மருத்துவ நிலையத்தில் 2, வேளாண் தொழிற்சாலையில் 3, அறிக்கைக்கு 1. கிராமத்துக்கான 8 வாரத்தில் கிராமக் கணக்கெடுப்பு, உழவியல், பயிர் பாதுகாப்பு, மண் வளம், பழம் காய்கறி, பதப்படுத்தல், கால்நடை, விரிவாக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க இதில் ஒரு வாரம்கூடத் தனியாக இல்லை. வட்டாரத்தில் மாணவர்களுக்குப் பொறுப்பேற்பது வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம்தான். ஆனால் அங்கே அவர்கள் எதைக் கற்க வேண்டும் என்பது எழுதப்படாததால், அது அந்தந்த அலுவலரின் நேரத்தையும் மனத்தையும் பொறுத்ததாகிவிடுகிறது.

நேரமில்லாத அலுவலர் மாணவர்களைக் கணினி முன் உட்கார வைப்பார். பயனாளிப் பட்டியலைத் தட்டச்சு செய்வது, ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் பதிவேற்றுவது, புகைப்படங்களைச் செயலியில் ஏற்றுவது எல்லாம் அவர்கள் தலையில் விழும். இதில் உள்ள ஆபத்து வெளியே தெரிவதில்லை. அலுவலரின் கடவுச்சொல்லில் மாணவர் உள்ளே போனால், பிழை நேரும்போது பொறுப்பு யாருடையது என்று சொல்ல முடியாது. விவசாயியின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை முன்பின் தெரியாத ஒரு மாணவரிடம் சொல்லப் பழக்கினால், நாளை மோசடிக்காரர் கேட்டாலும் அவர் சொல்லத்தான் செய்வார். மாணவர் கையில் அலுவலரின் கடவுச்சொல் போகக்கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் மாணவர்களை இறக்கியபோது எழுந்த கண்டனக் குரல்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கைபேசிச் செயலியில் புலப்படம் தெரியும். புல எண்ணின் ஒவ்வோர் உட்பிரிவுக்குள்ளும் போய் நின்று, பயிரைப் பதிந்து, படம் எடுக்க வேண்டும். வேலை எளிதாகத் தெரியும். ஆனால் சாதாரணக் கைபேசியின் இடங்காட்டி 5 முதல் 10 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். டெல்டாவில் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட உட்பிரிவுகள் பல அதைவிடக் குறுகலானவை, நிற்கிற வயல் ஒன்றாகவும் பதிவாகும் வயல் வேறாகவும் போய்விடும். அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலம், சம்பாப் பயிர் நிற்கும் வயல், வரப்பெல்லாம் சேறு, பாம்பு நடமாட்டம் அதிகம். பழக்கமில்லாத ஊரில் ஒரு மாணவிக்கு நாளொன்றுக்கு இத்தனை உட்பிரிவு என்று இலக்கு வைத்தால், அவர் பார்ப்பது பயிரை அல்ல, எண்ணிக்கையை. அதே கணக்கெடுப்பில் 10 உட்பிரிவு மட்டும் கொடுத்து, புலப்படம், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (பயிர்ப் பதிவேடு), நேரில் நிற்கும் பயிர் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தால் அது அருமையான பாடமாக இருந்திருக்கும். எந்த உட்பிரிவில் ஏன் வேறுபாடு வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கொள்கை வகுப்பவருக்குத் தேவையான படிப்பு.

என் கோரிக்கை ஒன்றுதான். வட்டாரத்துக்கு வரும் ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும், தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே ஒரு வேலையைக் கொடுத்து, அதை அடி முதல் நுனி வரை பின்தொடர விட வேண்டும். எந்த வேலை என்பதற்குச் சில யோசனைகளைச் சொல்கிறேன்.

டெப்போவில், அதாவது வேளாண்மைத் துறையின் விதை விற்பனைக் கிடங்கில், இருக்கும் சான்று விதை மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நீல நிறச் சான்றட்டை தொங்கும், குவியல் எண் (லாட் நம்பர்) இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் விதைப்பண்ணை அமைத்த விவசாயி வரை போகலாம். வெள்ளை அட்டை போட்ட ஆதார விதை அவருக்கு எப்போது கிடைத்தது, பூக்கும் தருணத்திலும் முதிர்ச்சியிலும் வயலாய்வு நடந்ததா, கலவன் (வேறு ரகச் செடிகள்) எடுத்தார்களா, சுத்திகரிப்பு நிலையத்தில் எத்தனை நாள் கிடந்தது, ஆய்வகத்துக்கு மாதிரி போய் முடிவு வர எத்தனை நாள் ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. பிறகு முன்னோக்கிப் போய், அந்தக் குவியலை வாங்கிய விவசாயிகளில் 20 பேரை இருப்புப் பதிவேட்டிலிருந்தும் ரசீதுப் புத்தகத்திலிருந்தும் எடுத்து, நாற்றங்கால் விட்ட தேதியைக் கேட்க வேண்டும். சி.ஆர். 1009 போன்ற 155 நாளுக்கு மேற்பட்ட நீண்டகால ரகத்துக்கு ஆகஸ்டில் நாற்றங்கால் விட்டாக வேண்டும். விதை செப்டம்பர் பாதியில் டெப்போவுக்கு வந்தால், நல்ல விதையாக இருந்தும் விற்காது. சோதனை நாளிலிருந்து 9 மாதத்தில் அட்டையின் காலம் முடிந்துவிடும், மறுசோதனைக்கு அனுப்ப வேண்டி வரும். மேலே இருப்பவர்கள் 'விவசாயிகளிடம் ஆர்வம் இல்லை' என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். ஆர்வம் இருந்ததா இல்லையா என்பதை அந்த 20 தேதிகள் சொல்லிவிடும்.

கூடவே முளைப்புத்திறனையும் மாணவர்களே பார்க்கலாம். நூறு நூறாக நான்கு கூறு, மொத்தம் 400 விதை. ஈரத்தாளில் சுருட்டி வைத்து, 5-ஆம் நாள் ஒருமுறை, 14-ஆம் நாள் கடைசியாக எண்ண வேண்டும். முளைத்ததை எல்லாம் எண்ணக்கூடாது. வேரும் குருத்தும் ஒழுங்காக வந்த நாற்றுகளை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். நெல்லுக்குக் குறைந்தபட்சம் 80 சதவீதம் வர வேண்டும். டெப்போவில் சிமெண்ட் தரையில் நேரடியாக அடுக்கிய மூட்டைக்கும் மரச்சட்டத்தின் மேல் அடுக்கிய மூட்டைக்கும் என்ன வேறுபாடு வருகிறது என்று அருகருகே வைத்துப் பார்த்தால், ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதைவிட முக்கியமானது பயிர் அறுவடைப் பரிசோதனை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயிக்கு இழப்பீடு கிடைக்குமா என்று முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வருவாய் கிராமம் காப்பீட்டு அலகாக உள்ள முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 பரிசோதனை. நெல் என்றால் வயலுக்குள் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அடித்து, அதற்குள் உள்ளதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ என்பது ஹெக்டேருக்கு 400 கிலோ. இந்த ஒரு பெருக்கலை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கயிற்றை எவ்வளவு கவனமாகப் பிடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பரிசோதனையை மட்டும் வைத்துக் கணக்கிடுவோம். உதாரணத்துக்கு ஒரு கிராமத்தின் உத்தரவாத மகசூல், அதாவது அதற்குக் குறைந்தால் இழப்பீடு தரவேண்டிய அளவு, ஹெக்டேருக்கு 3,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பரிசோதனைகளின் சராசரி 8 கிலோ என்றால் மகசூல் 3,200 கிலோ, குறைவு 400, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்றால் இழப்பீடு 4,000 ரூபாய். அதே சராசரி 9 கிலோ என்று பதிவானால் மகசூல் குறைவுக்காக அந்தக் கிராமத்தில் ஒருவருக்கும் ஒரு பைசா வராது.

அந்த ஒரு கிலோ எங்கே கூடுகிறது, குறைகிறது? முதலில் கயிறு. நனைந்த நைலான் கயிறு இழுபடும். பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் கூடினால் பரப்பு 27.04 சதுர மீட்டராகி, எடை 8 சதவீதம் கூடிவிடும். அதனால் டேப்பால் அளந்து நான்கு முளை அடித்த பிறகு, எதிரெதிர் மூலைகளை அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 7.07 மீட்டர் வந்தால்தான் சதுரம் சரி. அடுத்தது, கயிற்றின் மேல் நிற்கும் நெற்குத்து. அடிப்பகுதி பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விட வேண்டும். சாய்ந்த பயிரில் கதிர் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்கக்கூடாது, தூர் எங்கே என்றுதான் பார்க்க வேண்டும். மூன்றாவது, சதுரம் போடும் இடம். வயலின் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து, 5 மீட்டருக்கு உரிய காலடிகளைக் கழித்து, ராண்டம் எண்ணை (குலுக்கல் போல எடுத்த எண்ணை)க் கொண்டு தென்மேற்கு மூலையிலிருந்து இடம் குறிக்க வேண்டும். 'இங்கே நன்றாக இருக்கிறது, இங்கேயே போடுங்கள்' என்று காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும், 'அந்தப் பள்ளத்தில் போடுங்கள்' என்று ஊர்க்காரர்களும் சொல்வது இயல்பு. எண்ணைக் காட்டி இருவருக்கும் பதில் சொல்லப் பழகுவதே ஓர் அலுவலருக்குப் பெரிய பயிற்சி. நான்காவது, ஈரம். காலைப் பனியோடு அறுத்த நெல்லின் எடை வேறு, உலர்ந்த நெல்லின் எடை வேறு. உலர்த்திப் பார்க்க எடுத்த மாதிரியை எங்கே, எத்தனை நாள் வைத்தார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அறுவடை இயந்திரம் ஒரு தொல்லை. தேர்வான புல எண்ணில் வயல் தயாராக இருக்கும். ஊருக்கு மெஷின் வந்துவிட்டதென்று இரவோடு இரவாக அறுத்துவிடுவார்கள். அதிகாலையில் போய்ப் பார்த்தால் வைக்கோல்தான் கிடக்கும். பல கிராமங்களை ஒற்றை ஆளாகப் பார்க்கும் உதவி வேளாண்மை அலுவலரால் எல்லா வயலுக்கும் முன்கூட்டிப் போய் நிற்க முடியாது. இங்கேதான் நான்கு மாணவர்கள் உண்மையிலேயே உதவுவார்கள். மூன்று நாள் முன்பிருந்தே அந்த விவசாயியோடு பேசிக்கொண்டிருப்பது, மெஷின் எந்த வயலில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது, பரிசோதனையின்போது தனித் தாளில் தாங்களே நேரம், அளவு, எடையைக் குறித்துக்கொள்வது ஆகியவை அவர்கள் வேலை. கையெழுத்துப் போடுவதும் செயலியில் பதிவதும் அலுவலர் வேலை. மாணவரின் தாளும் அலுவலரின் பதிவும் பொருந்துகிறதா என்று அன்று மாலையே உதவி இயக்குநர் முன்னால் ஒப்பிட்டுவிட வேண்டும்.

இத்தகைய வேலைக்குப் போகும் முன் ஊர் அளவைகள் தெரிந்திருக்க வேண்டும். தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் விவசாயி 'ஆறு மா சாகுபடி' என்பார். மாணவர் 6 ஏக்கர் என்று எழுதிக்கொள்வார். 100 குழி ஒரு மா, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. ஆறு மா என்பது 2 ஏக்கர்தான். அதேபோல 'ஏக்கருக்கு 30 மூட்டை' என்றால் உடனே அடுத்த கேள்வி, எத்தனை கிலோ மூட்டை என்பது. கொள்முதல் நிலையத்தில் பிடிப்பது 40 கிலோ சிப்பம். வியாபாரியிடம் விற்பவர் 60 கிலோ மூட்டையைச் சொல்வார். 1,200 கிலோவா 1,800 கிலோவா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கேள்வித்தாளில் அலகுக்குத் தனிக் கட்டம் வைக்காத கணக்கெடுப்பு எதையும் நம்ப முடியாது.

மனுக்களையும் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அதில் தங்கள் வட்டாரத்துக்கு வந்த மனுக்களில் 15-ஐ மாணவர்கள் எடுத்துக்கொண்டு, எந்தத் துறைக்குப் போனது, என்ன பதில் வந்தது, மனுதாரரின் பிரச்சினை தீர்ந்ததா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதலாம். வாய்க்கால் அடைப்பு பற்றிய மனு வேளாண்மைத் துறைக்கு வந்து, நீர்வளத் துறைக்குப் போய், அங்கிருந்து ஊராட்சிக்குத் திரும்புவதைப் பார்த்தால், துறைகளுக்கு இடையே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது புரியும். இதற்குச் செலவே இல்லை.

கல்லூரிகள் பக்கமும் சரிசெய்ய வேண்டியவை உண்டு. அறிக்கை 150 பக்கம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பால், முந்தைய ஆண்டு மாணவர்களின் அறிக்கையில் ஊர்ப் பெயரை மாற்றிக் கட்டுக்கட்டாகத் தருகிறார்கள். 10 பக்கம் போதும். அதில் பாதி அவர்களே எடுத்த அளவுகளாக இருக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் தொலைபேசியில் விசாரிப்பதோடு நிற்காமல், அளவெடுக்கும் நாளில் ஒருமுறையாவது வயலுக்கு வர வேண்டும். முடிவை வட்டார அலுவலகக் கூட்டத்தில் 20 நிமிடம் தமிழில் சொல்ல வைக்க வேண்டும். உதவி வேளாண்மை அலுவலர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்பதே மதிப்பெண்ணுக்கு நல்ல அளவுகோல்.

தங்குமிடம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாணவிகள் குழுவாக வாடகைக்கு வீடு பிடித்துத் தங்குகிறார்கள். தண்ணீர், கழிப்பறை, இரவில் பேருந்து வசதி ஆகியவற்றைக் கல்லூரி முன்கூட்டியே நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வயலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், டார்ச், முதலுதவிப் பெட்டி, விபத்துக் காப்பீடு வேண்டும். பாம்புக்கடி மருந்து இருக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்று முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயிற்சிக் காலத்துக்கான உதவித்தொகை அவர்கள் கிராமத்தில் இருக்கும்போதே மாதாமாதம் கையில் கிடைக்க வேண்டும். வாடகையும் பேருந்துக் கட்டணமும் அந்த மாதங்களில்தான் கொடுக்கிறார்கள்.

சென்னையிலும் டெல்லியிலும் பயிற்சிக்குப் போகும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நிதி ஆயோக் பயிற்சி குறைந்தது 6 வாரம், அதிகபட்சம் 6 மாதம், ஊதியம் கிடையாது. டெல்லி வாடகையைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளே அங்கே போக முடிகிறது. அங்கே பெரும்பாலும் மேசை வேலைதான். தரவுகளைச் சேர்ப்பார்கள், குறிப்பு எழுதுவார்கள். அந்த மேசைக்கு வரும் 'சராசரி மகசூல்' என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கயிறும் நான்கு முளையும் ஒரு தராசும் இருக்கின்றன என்று தெரிந்தவர் எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். ஆகவே பயிர் அறுவடைப் பரிசோதனை ஒன்றிலாவது நின்றவர்களுக்கு அத்தகைய இடங்களில் முன்னுரிமை தரலாம். வெளி மாவட்ட, வெளி மாநிலப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களின் தங்கும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வழிசெய்ய வேண்டும்.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வேளாண்மை இயக்குநரகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாவட்ட இணை இயக்குநர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். மாணவர் குழுவுக்கு ஒரு வேலை, அதற்கு ஒரு பொறுப்பு அலுவலர், கடவுச்சொல் தடை, அன்றே ஒப்பிடும் முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். டெல்டாவில் சம்பா அறுவடை ஜனவரியில் சூடுபிடித்துவிடும். தேர்வான புல எண்களின் பட்டியல் அதற்கு முன்பே மாணவர்கள் கையில் இருக்க வேண்டுமானால், சுற்றறிக்கை டிசம்பர் முதல் வாரத்துக்குள் வட்டார அலுவலகங்களுக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண்மை விரிவாக்கப் பணியாளர்,
திருவாரூர் மாவட்டம்.